நடு நூற்றாண்டின் பெண் உருவரையும் இன்றைய அன்றாட உடையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இடையில் ஒட்டி நின்று கீழே குடைபோல் விரியும் பருத்தி உடை, மேலிருந்து கீழ்வரை பொத்தான் வைத்த சட்டை உடை, மார்புக்குக் குறுக்கே மடித்து இடையில் முடிந்துகொள்ளும் உடை ஆகிய மூன்றும் இன்று அன்றாடம் அணியும் எளிய உடைகளாகிவிட்டன. இவற்றின் உருவரை, அதாவது தொலைவிலிருந்து பார்க்கும்போது கண்ணில் படும் புறக்கோடு, 1940களிலும் 1950களிலும் பரவி நிலைபெற்றது. அந்தக் கோட்டை இன்றைய உடை எப்படித் தனதாக்கிக்கொண்டது என்று கேட்பவர்களுக்காக இந்த விடைகளை எழுதியிருக்கிறேன். இங்கே 'இடை' என்னும் சொல் உடலின் மிகக் குறுகிய பகுதியையும், 'இடுப்பு' என்னும் சொல் அதற்குக் கீழே அகன்றிருக்கும் பகுதியையும் குறிக்கும்.

'நடு நூற்றாண்டு' என்பது எந்த ஆண்டுகளைக் குறிக்கிறது?

உடை வரலாற்றில் பெரும்பாலும் 1947 முதல் 1960 வரையிலான காலத்தையே இப்படிச் சொல்கிறோம். தொடக்கத்துக்கு ஒரு நாளையே குறிப்பிட முடியும். 1947 பிப்ரவரி 12 அன்று பாரிஸில் மோந்தேன் அவென்யூ 30ஆம் எண் கட்டடத்தில் பிரெஞ்சு உடை வடிவமைப்பாளர் கிறிஸ்தியன் தியோர் தம்முடைய முதல் தொகுப்பைக் காட்டினார். அதிலிருந்த இரண்டு வரிசைகளுள் ஒன்றுக்கு 'கொரோல்' என்று பெயர். பூவின் அல்லிவட்டத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் அது. மற்றொன்று 8 என்ற எண்ணின் வடிவத்தைப் பெயராகக் கொண்டது. 'ஹார்ப்பர்ஸ் பஜார்' இதழின் ஆசிரியர் கார்மெல் ஸ்நோ இதற்கு இட்ட 'நியூ லுக்' என்ற பெயரே நிலைத்தது.

அந்த உடைகள் ஏற்படுத்திய அதிர்ச்சியைப் புரிந்துகொள்ள, அதற்கு முந்தைய சில ஆண்டுகளைப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் 1941 ஜூன் முதல் 1949 மார்ச் வரை துணிக்குப் பங்கீடு இருந்தது. அமெரிக்காவில் 1942இல் வந்த எல்-85 என்னும் ஆணை, பாவாடையின் நீளத்துக்கும் அகலத்துக்கும் வரம்பு விதித்தது. போர்க்கால உடை சதுரத் தோளும் ஒடுங்கிய குட்டைப் பாவாடையுமாக இருந்தது. அதைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு முன்னால், சரிந்த மென்மையான தோளும் இறுகிய இடையும் சில உடைகளில் பத்து மீட்டருக்கும் மேல் துணியை விழுங்கும் பாவாடையும் வந்து நின்றன. பிரிட்டனின் வணிக வாரியத் தலைவராக இருந்த ஸ்டாஃபோர்ட் கிரிப்ஸ் இதைத் துணி விரயம் என்று எதிர்த்தார். அமெரிக்காவில், பாவாடை முழங்காலுக்குச் சற்றுக் கீழே நின்றால் போதும் என்று பெண்களே சங்கம் அமைத்து எதிர்த்தார்கள்.

அக்காலம் முழுவதும் ஒரே உருவரைதான் இருந்ததா?

இல்லை. 'ஐம்பதுகளின் உடை' என்றதும் குறுகிய இடையும் விரிந்த பாவாடையும் மட்டுமே நினைவுக்கு வருவதுதான் இந்தப் பொருளைப் பற்றிய மிகப் பெரிய குழப்பம். அதே ஆண்டுகளில் இடுப்போடு ஒட்டி இறங்கும் பென்சில் பாவாடையும் இருந்தது. தியோரே, ஆங்கில எழுத்துகளின் வடிவத்தைப் பெயராகக் கொண்டு, 1954இல் இடையின் இறுக்கத்தைத் தளர்த்தி எச் கோட்டையும், 1955இல் ஏ கோட்டையும், அதே ஆண்டின் பிற்பாதியில் ஒய் கோட்டையும் கொண்டுவந்தார். இன்று எல்லோர் வாயிலும் புழங்கும் 'ஏ லைன்' என்ற சொல் பரவியது அந்த 1955 தொகுப்பிலிருந்துதான். கிறிஸ்தோபால் பலென்சியாகா 1957இல் இடையே இல்லாத சாக்கு உடையையும், 1958இல் குழந்தைச் சட்டையைப் போல விரியும் பேபி டால் உடையையும் வெளியிட்டார். தியோர் 1957இல் இறந்த பின் அந்நிறுவனத்தின் பொறுப்பை ஏற்ற 21 வயது ஈவ் சான் லோரான், 1958இல் தோளிலிருந்து நேரே அகன்று இறங்கும் டிரபீஸ் கோட்டைத் தந்தார்.

எனவே, இடையை வலியுறுத்தும் உடையைப் போலவே இடையை மறைக்கும் தொளதொளப்பான உடையும் நடு நூற்றாண்டின் பிள்ளைதான். இன்றைய தளர்ந்த கூடார உடையை அணிபவர்கள் தாங்கள் ஐம்பதுகளின் உருவரையை உதறிவிட்டதாக நினைக்கலாம். உண்மையில் அவர்கள் அணிந்திருப்பது 1958இன் உருவரையாகும்.

அன்றைய உடையில் அந்த உருவம் எப்படி நின்றது?

உள்ளே மறைந்திருந்த கட்டுமானத்தால் நின்றது. அக்காலத்து உயர்தர உடை ஒன்றை உட்புறம் வெளியே தெரியுமாறு திருப்பினால், வெளித்துணியின் வேலையைவிட உள்வேலையே அதிகமாக இருப்பது தெரியும். மேற்பகுதிக்குள் நெட் துணியால் ஆன ஓர் உள்கச்சு, அதை விறைப்பாக நிறுத்த அதில் செருகிய 'எலும்பு' எனப்படும் வளையும் பட்டைகள், இடையைச் சுற்றித் தனியே கொக்கியிட்டுப் பூட்டும் ஒரு நாடா, அதன் மேல் லைனிங், அதற்கும் மேல்தான் கண்ணுக்குத் தெரியும் துணி என்று அடுக்குகள் போகும். தியோரின் புகழ்பெற்ற 'பார்' உடையில் மேல்சட்டையின் இடுப்புப் பகுதிக்குள் திணிப்பு வைத்திருந்தார்கள். இடை சிறுத்துத் தெரிந்ததற்கு இறுக்கம் பாதிக் காரணம் என்றால், அதன் கீழே இடுப்பை அகட்டிக் காட்டிய அந்தத் திணிப்பு மறுபாதிக் காரணமாகும்.

உடைக்குள் இருந்த இந்த ஏற்பாட்டோடு, உடலின் மேல் தனியே அணிபவையும் இருந்தன. மார்செல் ரோஷாஸ் புகழ்பெறச் செய்த 'கெப்பியேர்' என்னும் குறுங்கச்சு இடையைச் சில சென்டிமீட்டர் சுருக்கியது. பாவாடைக்கு அடியில் கஞ்சி போட்ட பருத்தியாலோ நைலான் நெட்டாலோ ஆன அடுக்கு உள்பாவாடை இருந்தது. இன்று நாம் கேன்கேன் என்று அழைப்பது அதன் வழித்தோன்றல்தான். நைலான் காலுறைகள் 1940 மே மாதத்தில்தான் அமெரிக்கா முழுவதும் கடைகளுக்கு வந்தன என்பதை நினைத்துப் பார்த்தால், நைலான் உள்பாவாடை அன்றைக்கு எவ்வளவு புதிய பொருள் என்பது விளங்கும். எடையில்லாமல் விறைப்பாக நிற்கும் அந்த இழை இல்லாதிருந்தால் ஐம்பதுகளின் அகன்ற பாவாடை சாதாரண வீடுகளுக்குள் அவ்வளவு எளிதில் நுழைந்திருக்காது.

இப்படிப் பார்த்தால் அன்றைய உடை உடலை வார்த்தது என்றே சொல்ல வேண்டும். அதை அணிந்தவர் குனியவும் ஓடவும் வயிறாரச் சாப்பிடவும் அந்த வார்ப்பின் அனுமதி வேண்டியிருந்தது.

இன்றைய அன்றாட உடை அதே உருவத்தை எதைக் கொண்டு உண்டாக்குகிறது?

என்னைப் பொறுத்தவரை இந்தப் பக்கத்தின் மையக் கேள்வி இதுதான். உடலிடமிருந்து கேட்டுப் பெற்ற வேலையை இன்றைய உடை துணியிடமும் வெட்டிடமும் ஒப்படைத்துவிட்டது என்பது என் விடை. புறக்கோடு மாறவில்லை, அதைத் தாங்கும் சுமை இடம் மாறியிருக்கிறது.

முதலாவது மாற்றம் இழையில் வந்தது. டூபாண்ட் நிறுவனத்தின் வேதியியலர் ஜோசப் ஷிவர்ஸ் 1958இல் ஸ்பான்டெக்ஸ் இழையை உருவாக்கினார். தன் நீளத்தைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் நீண்டு திரும்பச் சுருங்கக்கூடிய இழை அது. பருத்தியோடு இரண்டு முதல் ஐந்து விழுக்காடு வரை இதைக் கலந்து நெய்தாலே, மூச்சு விடும்போது உடலோடு விரிந்து, பிறகு பழைய இடத்துக்குத் திரும்பும் மேற்பகுதி கிடைக்கிறது. எலும்புப் பட்டை செய்த வேலையின் ஒரு பகுதியை இழையே செய்துவிடுகிறது. பனியன் துணியில் பின்னல் கண்ணிகளே நெகிழ்ந்து கொடுப்பதால், இந்த இழை இல்லாமலும் ஓரளவு இதே பயன் கிடைக்கும்.

இரண்டாவது மாற்றம் தையலில் வந்தது. மேற்பகுதியை உடலின் வளைவுக்கு ஏற்ப அமைக்க அன்று டார்ட் பிடித்தார்கள், அதாவது துணியைக் கூம்பாக மடித்துத் தைத்தார்கள், அல்லது ப்ரின்சஸ் கட் முறையில் துண்டுகளை இணைத்தார்கள். இரண்டுமே ஒருவரின் அளவைத் துல்லியமாக எடுத்தால் மட்டுமே சரியாக உட்காரும். இன்றைய எளிய உடைகள் பலவற்றில் அந்த இடத்தை எலாஸ்டிக் நூலால் வரிவரியாகச் சுருக்கிய ஸ்மாக்கிங் பிடித்துக்கொண்டிருக்கிறது. மார்புச் சுற்றளவைப் போல ஏறக்குறைய இரு மடங்கு துணியை எடுத்து, அடியில் எலாஸ்டிக் நூல் ஓட்டித் தைத்தால், உடல் எந்த அளவில் இருந்தாலும் துணி அதன் மேல் படிந்து நிற்கும். ஓர் அளவு உடை பல உடல்களுக்குப் பொருந்துவதும், மாதத்துக்கு மாதம் மாறும் ஒரே உடலுக்குத் தொடர்ந்து பொருந்துவதும் இதனால் கிட்டும் பெரிய நன்மைகள். குறையும் உண்டு. ஸ்மாக்கிங் மார்பைச் சமதளமாக அழுத்துகிறது. டார்ட் தரும் தெளிவான வடிவம் அதில் வருவதில்லை.

மூன்றாவது மாற்றம் தளர்வளவில் வந்தது. உடலின் அளவுக்கும் உடையின் அளவுக்கும் இடையே விடும் வெளியைத்தான் தளர்வளவு என்கிறேன். ஐம்பதுகளின் பொருத்தமான மேற்பகுதியில் இடையைச் சுற்றி இரண்டு முதல் நான்கு சென்டிமீட்டர் விடுவார்கள். நெய்த துணியில் தைக்கும் இன்றைய அன்றாட உடையில் எட்டோ பத்தோ சென்டிமீட்டர் விட்டு, பின்னால் ஒரு முடிச்சு நாடாவையோ எலாஸ்டிக்கையோ வைத்து, எவ்வளவு இறுக்குவது என்ற முடிவை அணிபவரிடமே விட்டுவிடுகிறார்கள். இடைத்தையலின் இடமும் மாறியிருக்கிறது. உண்மையான இடையில் நிற்க வேண்டிய தையலை இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே ஏற்றினால், விலா எலும்பின் கீழ்ப்பகுதியில் துணி படிந்து, வயிற்றை இறுக்காமலே இடை குறுகியதைப் போன்ற தோற்றம் கிடைக்கிறது. நடு நூற்றாண்டின் உருவத்தை வலியில்லாமல் பெறுவதற்கு இதைவிட எளிய உத்தியை நான் கண்டதில்லை.

கேன்கேன் இல்லாமல் பாவாடை எப்படி விரிந்து நிற்கிறது?

அன்றைய அளவுக்கு விரிந்து நிற்பதில்லை. நடக்கும்போதும் திரும்பும்போதும் மட்டும் விரிகிறது. நிற்கும்போது துணி உடலோரம் விழுந்து அலைகளாக மடிந்திருக்கும். பாப்லின் போன்ற நெருங்கிய நெசவுள்ள பருத்தி, அகலமாக மடித்துத் தைத்த கீழ் ஓரம், இடையிலேயே தொடங்கும் ஆழமான மடிப்புகள் ஆகியவை ஓரளவு விறைப்பைத் தருகின்றன. பொருத்தமான துணியைத் தேர்ந்தெடுத்தால் அடுக்கு உள்பாவாடையின் தேவையே எழாது.

அம்பரெல்லா கட், அரைவட்டம், அடுக்குப் பாவாடை ஆகியவற்றுக்குள் என்ன வேறுபாடு?

கணக்குப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். இடை 70 சென்டிமீட்டர் என்றும் பாவாடையின் நீளம் 65 சென்டிமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். முழுவட்டமான அம்பரெல்லா கட்டில், இடைக்காக வெட்டும் உள்வட்டத்தின் ஆரம், 70ஐ 6.28ஆல் வகுக்க, சுமார் 11.1 சென்டிமீட்டர். அதோடு நீளத்தைக் கூட்டினால் வெளிவட்டத்தின் ஆரம் 76.1, கீழ் ஓரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 4.8 மீட்டர். அரைவட்டத்தில் உள்ஆரம் 22.3 சென்டிமீட்டராகவும் கீழ்ச்சுற்றளவு சுமார் 2.7 மீட்டராகவும் இருக்கும். இடையில் 1.5 மடங்கு சுருக்கம் வைத்து, ஒவ்வோர் அடுக்கையும் முந்தையதைப் போல 1.5 மடங்காக்கி மூன்று அடுக்குகளாகத் தைத்தால், அடுக்குகளின் அகலம் முறையே 105, 157, 236 சென்டிமீட்டர் என்று வளர்ந்து, கீழ்ச்சுற்றளவு 2.4 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும்.

இங்கே கவனிக்க வேண்டியது துணியின் செலவு. அரைவட்டப் பாவாடையும் மூன்றடுக்குப் பாவாடையும் ஏறத்தாழ 1.1 சதுர மீட்டர் துணியையே உடலில் சுமக்கின்றன. ஆனால் அரைவட்டத்தை வெட்டும்போது வளைவைச் சுற்றி வீணாகும் துணி ஏராளம். அடுக்குகள் யாவும் நீண்ட செவ்வகங்கள் என்பதால் அவற்றில் கத்தரித்து எறிவது மிகக் குறைவு. முழுவட்டத்துக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. வட்டத்தின் ஓரத்தில் சில இடங்களில் துணி கிராஸாக, அதாவது நெசவின் மூலைவாட்டில் தொங்கும். அந்த இடங்கள் தம் எடையாலேயே நீண்டு, ஓரம் மேலும் கீழுமாகிவிடும். தைத்த பாவாடையைக் குறைந்தது ஒரு நாள் தொங்கவிட்டு, நீண்ட இடங்களைச் சமமாக வெட்டிய பிறகே ஓரம் மடிக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் தைக்கும் தொழிற்சாலைக்கு அந்த ஒரு நாள் மிகவும் விலை உயர்ந்தது. இன்றைய ஆயத்த உடைகளில் அடுக்குப் பாவாடை இவ்வளவு பரவியிருப்பதற்கு அழகுணர்ச்சி மட்டுமே காரணமன்று. செவ்வகத் துண்டுகளின் சிக்கனமும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

மாற்றத்தின் வேர் தியோரிடம் இருக்கிறதா, வேறு யாரிடமாவது இருக்கிறதா?

உருவரையைப் பரப்பியவர் தியோர். ஆனால் இன்று நாம் அணியும் எளிய உடையின் குணத்தைத் தேடினால் அமெரிக்க வடிவமைப்பாளர் கிளேர் மெக்கார்டெலிடம்தான் போய்ச் சேருவோம். அவருடைய பெயர் இவ்வளவு குறைவாகப் பேசப்படுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

அவர் 1905இல் மேரிலாந்து மாநிலத்தின் ஃப்ரெடரிக் நகரில் பிறந்தவர். 1938இல் அவர் வெளியிட்ட 'மொனாஸ்டிக்' உடைக்கு இடைத்தையலே கிடையாது. தோளிலிருந்து கூடாரம்போல் விழும் துணியை அணிபவரே ஒரு கச்சையால் தமக்கு வேண்டிய இடத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். 1942இல் வந்த 'பாப்ஓவர்' உடை, வீட்டு வேலைக்கும் விருந்தினரை வரவேற்பதற்கும் ஒன்றாகவே உதவும் மடித்துக் கட்டும் உடை. வீட்டுப் பணியாளர்கள் போர்த் தொழிற்சாலைகளுக்குச் சென்றுவிட்டதால் தம் கையாலேயே எல்லா வேலையும் செய்ய நேர்ந்த பெண்களை எண்ணி அது உருவாக்கப்பட்டது. உடையில் தைத்த பெரிய பை ஒன்றும், அடுப்பில் சூடான பாத்திரத்தைப் பிடிக்க உதவும் கையுறை ஒன்றும் அதோடு வந்தன. விலை 6.95 டாலர், முதல் பருவத்திலேயே 75,000க்கும் மேல் விற்றது.

டெனிம், பருத்தி, பனியனைப் போலப் பின்னிய கம்பளி ஜெர்சி போன்ற உழைக்கும் துணிகளை அவர் துணிந்து பயன்படுத்தினார். உதவிக்கு ஆள் இல்லாத பெண் தானே மாட்டிக்கொள்ளும்படி ஜிப்பையும் கொக்கியையும் பக்கவாட்டிலும் முன்புறத்திலும் வைத்தார். இடையை அவரும் காட்டினார். ஆனால் கச்சால் இறுக்கிக் காட்டாமல், நீண்ட நாடாவைச் சுற்றிக் கட்டிக் காட்டினார். தியோரின் 1947 தொகுப்புக்கு முன்பே இவை யாவும் வந்துவிட்டன. 'டைம்' இதழ் 1955இல் அவரை அட்டையில் வெளியிட்டது. 1958இல் அவர் காலமானார். இன்றைய அன்றாட உடை தியோரின் கோட்டை மெக்கார்டெலின் கையால் வரைகிறது என்று சொன்னால் மிகையாகாது.

மடித்துக் கட்டும் 'ராப்' உடை 1970களின் கண்டுபிடிப்பு இல்லையா?

டயான் வான் ஃபர்ஸ்டன்பெர்க் 1974இல் அச்சிட்ட ஜெர்சித் துணியில் வெளியிட்ட உடைதான் அதற்குப் பெரும் புகழ் தந்தது. 1976க்குள் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றதாகச் சொல்வார்கள். ஆனால் மடித்துக் கட்டும் வீட்டு உடைகள் அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பிருந்தே புழக்கத்தில் இருந்தன. மெக்கார்டெலின் 'பாப்ஓவர்' அவற்றுள் ஒன்று. 1974இன் புதுமை, நெய்த பருத்தியிலிருந்து பனியன் வகைத் துணிக்கு மாறியதிலும், சமையலறையில் அணிந்ததை அலுவலகத்துக்கும் அணிந்து செல்லத்தக்கதாக ஆக்கியதிலும் இருந்தது. இன்றைய பருத்தி ராப் உடைகளைப் பார்த்தால், அவை 1974ஐவிட 1942க்கே நெருக்கமாக நிற்கின்றன.

சட்டை உடை எப்படி மாறியிருக்கிறது?

ஐம்பதுகளின் சட்டை உடை, ஆண் சட்டையின் காலரையும் பொத்தான் பட்டியையும் மேலே வைத்து, இடையில் கச்சை கட்டி, கீழே நிறைய சுருக்கம் வைத்த பாவாடையைச் சேர்த்தது. அன்றாட உடைகளில் மிகவும் நேர்மையானது அது என்று எனக்குத் தோன்றும். துணி துவைக்கத் தக்கது. முன்னால் திறப்பதால் அணிவது எளிது. மறைக்கும் வேலை குறைவு. இன்று அதன் தோள் தையல் கைக்கு மேல் சரிந்து இறங்கியிருக்கிறது, கை அகன்றிருக்கிறது, இடைத்தையல் பல நேரங்களில் நீங்கியே விட்டது. கச்சையைக் கட்டினால் 1955 தெரிகிறது. அவிழ்த்தால் ஒரு நீண்ட சட்டை தெரிகிறது.

கழுத்து, கை, காலர் ஆகியவற்றில் எவை மீண்டும் வந்துள்ளன?

இதய வடிவக் கழுத்து, சதுரக் கழுத்து, போட் நெக், கழுத்துக்குப் பின்னால் கட்டும் ஹால்ட்டர், வட்டமான பீட்டர் பேன் காலர், பஃப் கை ஆகிய எல்லாமே வந்துள்ளன. இவற்றுள் பஃப் கை செய்யும் வேலை தனித்துச் சொல்லத்தக்கது. தோளிலோ மேற்கையிலோ அகலத்தைக் கூட்டினால், கண் அதோடு ஒப்பிட்டு இடையைக் குறுகியதாகக் காணும். இடுப்புத் திணிப்பால் தியோர் கீழிருந்து செய்ததை, இன்றைய உடை மேலிருந்து காற்றடைத்த கையால் செய்கிறது. உடலைத் தொடாமலே விகிதத்தை மாற்றும் இந்த வழியை நான் மிகவும் விரும்புகிறேன்.

பழைய உடைகளில் பை இருந்ததா?

வீட்டு உடைகளிலும் மெக்கார்டெலின் உடைகளிலும் இருந்தது. இறுக்கமான மாலை உடைகளில் அரிது. இன்று பக்கத்தையலில் பை வைப்பது வழக்கமாகிவிட்டது. மெல்லிய பனியன் துணியில் வைக்கும் பை, கைப்பேசியின் எடையால் பக்கத்தையலையே கீழே இழுத்து உருவரையைக் கெடுக்கும். பையின் மேல்முனையை இடைத்தையலோடு சேர்த்துப் பிடித்துத் தைத்திருந்தால் இந்தத் தொல்லை வராது.

பழைய அளவு எண்ணும் இன்றைய அளவு எண்ணும் ஒன்றா?

ஒன்றல்ல. அமெரிக்காவில் 1939, 1940 ஆண்டுகளில் ஏறக்குறைய 15,000 பெண்களிடம் அளவெடுத்தார்கள். அந்தத் தரவை அடிப்படையாகக் கொண்டு 1958இல் ஓர் அளவுத் தரநிலை வெளிவந்தது. அதன்படி 8ஆம் அளவு என்பது 31 அங்குல மார்பளவைக் குறித்தது. இன்று அதே 8ஆம் எண் உடைகள் பெரும்பாலும் அதைவிடச் சில அங்குலம் பெரியவையாக இருக்கின்றன. 1983இல் அந்தத் தரநிலை விலக்கிக்கொள்ளப்பட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி எண்ணிடுகிறது. பழைய உடையையோ பழைய தையல் மாதிரியையோ வாங்குபவர்கள் எண்ணைப் பார்க்காமல், அங்குலத்திலோ சென்டிமீட்டரிலோ உள்ள அளவை மட்டுமே நம்ப வேண்டும். பழைய எண்ணில் உடை ஏறவில்லை என்பதற்காக யாரும் தம் உடலைக் குறை சொல்லிக்கொள்ளக் கூடாது.

இந்த உருவரையை மீண்டும் அணிவது பெண்களைப் பழைய கட்டுப்பாட்டுக்குள் தள்ளுவதாகாதா?

கவலை நியாயமானது. ஐம்பதுகளின் குறுகிய இடையோடு, பெண்ணின் இடம் வீடுதான் என்னும் எண்ணமும் சேர்ந்தே விளம்பரங்களில் வந்தது. அதே காலத்திலேயே எதிர்ப்பும் இருந்தது. 1954இல், தம் 70ஆம் வயதில், பிரெஞ்சு வடிவமைப்பாளர் கேப்ரியேல் ஷனேல் தம்முடைய நிறுவனத்தை மீண்டும் திறந்து மென்மையான, விறைப்பில்லாத மேல்சட்டையைக் கொண்டுவந்தபோது, கச்சும் எலும்புப் பட்டையுமான உடைக்கு அவர் காட்டிய வெறுப்பும் ஒரு தூண்டுதலாக இருந்தது.

என் நிலைப்பாடு இது. கட்டுப்பாடு கோட்டில் இல்லை. அந்தக் கோட்டைப் பெற உடல் என்ன விலை கொடுக்கிறது என்பதில் இருக்கிறது. அணிந்தவர் தரையில் உட்கார்ந்து எழ முடிகிறதா, கையை உயர்த்தி மேல்தட்டில் உள்ளதை எடுக்க முடிகிறதா, வேறொருவர் துணையின்றி அணிந்து கழற்ற முடிகிறதா, வீட்டிலேயே துவைக்க முடிகிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். இவற்றுக்கெல்லாம் ஆம் என்று விடை சொல்லும் உடையின் இடை எவ்வளவு குறுகியதாகத் தெரிந்தாலும் அதை அடக்குமுறை என்று சொல்ல எனக்கு மனம் வராது. அதே வேளையில், அன்றாட உடை என்ற பெயரில் எலும்புப் பட்டை வைத்த இறுகிய மேற்பகுதியும் விற்பனைக்கு வருகிறது. அதை மறுவிளக்கம் என்று நான் ஏற்பதில்லை. அது பழையதன் நகல்.

கடையில் பார்க்கும்போது நன்றாகச் செய்த உடையை எப்படி அடையாளம் காண்பது?

முதலில் இடைத்தையலைப் பாருங்கள். அணிந்து உட்காரும்போது அது விலாவுக்கு மேல் ஏறி மடங்குமானால், மேற்பகுதி உங்கள் உடலுக்கு நீளம் போதாமல் இருக்கிறது. பெரிய அளவை வாங்கினாலும் இது சரியாகாது. அடுத்து, சுருக்கங்கள் சுற்றிலும் ஒரே சீராக விழுகின்றனவா என்று பாருங்கள். பிறகு உடையை உட்புறமாகத் திருப்பி, தையலுக்கு அப்பால் விட்டிருக்கும் துணியை அளந்து பாருங்கள். ஒரு சென்டிமீட்டர்கூட விடாமல் ஓவர்லாக் அடித்து வெட்டியிருந்தால், பின்னால் பிரித்துப் பெரிதாக்க வழியில்லை. பழைய உடைகள் பல இன்றும் பயன்பாட்டில் இருப்பதற்கு, அவற்றின் பக்கத்தையலிலும் கீழ் ஓரத்திலும் தாராளமாக விட்டிருந்த துணியும் ஒரு காரணம். இந்த ஒரு பழக்கத்தை இன்றைய உற்பத்தியாளர்கள் மறுபடியும் கைக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று மனதார விரும்புகிறேன்.

பழைய தையல் மாதிரியிலிருந்து இன்று அணியத்தக்க உடையைத் தைக்க என்ன மாற்ற வேண்டும்?

முதலில் மலிவான துணியில் மேற்பகுதியை மட்டும் ஒட்டுத்தையலிட்டு அணிந்து பாருங்கள். பழைய மாதிரிகள் உள்ளே கச்சு அணிந்த உடலை எண்ணி வரையப்பட்டவை. எனவே அவற்றில் மார்பின் உச்சி இன்றைய மென்மையான உள்ளாடை அணிந்த உடலைவிட உயரத்தில் இருக்கும். டார்ட்டின் முனையை அதற்கேற்பக் கீழே இறக்க வேண்டும். இடையில் நான்கு முதல் ஆறு சென்டிமீட்டர் கூட்டுங்கள். பக்கவாட்டில் இருக்கும் உலோக ஜிப்பை மாற்றி, முன்புறம் பொத்தான் பட்டியோ பின்புறம் ஒரு பட்டை எலாஸ்டிக்கோ வைக்கலாம். முழுவட்டப் பாவாடையாக இருந்தால் அரைவட்டமாக்குங்கள். உள்பாவாடை இல்லாமலே அழகாக விழும். கைத்துளை பெரும்பாலும் மேலேறி ஒட்டியிருக்கும். பலர் அதை உடனே கீழே இறக்கிவிடுகிறார்கள், அது தவறு. அக்குளுக்கு நெருக்கமாக நிற்கும் கைத்துளையில்தான் கையை உயர்த்தும்போது உடை முழுவதும் மேலே இழுபடாமல் இருக்கும். கை இறுக்கமாக இருந்தால் கைத்துளையைத் தொடாமல், அதன் அடியில் சாய்சதுரத் துண்டு ஒன்றை இணைத்துத் தையுங்கள். பாவாடையை ஒரு நாள் தொங்கவிட்டு, அந்த உடையோடு வழக்கமாகப் போடப்போகும் செருப்பை அணிந்து நின்று, தரையிலிருந்து அளந்து ஓரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.